பெற்றோர் நேரில் வர வேண்டும்

மணி அடித்து, வாசற்கதவைச் சாத்தி, காலைப் பிரார்த்தனைக்கு வரிசைகள் நிமிர்ந்து நின்ற பிறகுதான் தர்சிகா வந்தாள். ஓடி வரவில்லை. கோயிலுக்குப் போகிறவளைப்போல ஆறுதலாக நடந்து வந்தாள்.

பத்தாம் தரத்துப் பிள்ளை. இரட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டியிருக்க வேண்டிய தலையில் ஒற்றைப் பின்னல் தொங்கியது. ரிபன் இல்லை. கதவுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் சிவப்பு நகப்பூச்சு. அவசரத்தில் பூசியிருக்கிறாள், நகத்தைவிடத் தோலில்தான் கூடுதலாக இருந்தது.

இத்தனைக்கும் அவள் இருந்த வீடு பாடசாலை வேலிக்கு நேர் எதிரே. குளத்துக்கு அப்பாலிருந்து மணல் ஒழுங்கையில் சைக்கிள் உழக்கி வருகிற பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தவள் பிந்திவிட்டாள்.

"ஏன் பிந்தினனி?" என்று கேட்டேன்.

அவள் கம்பிக்குள்ளால் கையை நீட்டினாள். "நகப்பூச்சும் பூசியிருக்கிறன் ரீச்சர்."

நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. பிறகு, "இனி அம்மாவைக் கூப்பிடத்தானே வேணும்?" என்றாள்.

ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியையாக அந்த வாசலில் நான் பல வருடங்கள் நின்றிருக்கிறேன். பிடிபட்ட பிள்ளைகள் அழுவார்கள். சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்பார்கள். மாட்டுப்பட்டி குறுக்கே வந்தது என்பார்கள். அம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்கள். அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்ட பிள்ளை இவள் ஒருத்திதான்.

வாய்க்கொழுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கொஞ்சம் கோபக்காரி. அவளை வெயிலில் நிறுத்திவிட்டுப் பிரார்த்தனைக்குப் போனேன்.

சுற்றுநிருபம் என்கிற நான்

பாடசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. கிளிநொச்சியிலிருந்து புறப்படும் பஸ் வாய்க்கால்களையும் வயல்களையும் கடந்து, இனி ஊரே இல்லை என்று நாம் நினைக்கிற நேரத்தில் ஒரு சந்தியில் நிற்கும். அங்கே இறங்கினால் தெரிகிற அரசாங்கப் பாடசாலை அது. பிள்ளையின் பெயரையும் மாற்றிவிட்டேன். இந்தத் தொடரைப் படிக்கிற என் பழைய மாணவர்கள், யார் யார் என்று துப்பறியும் வேலையில் இறங்க வேண்டாம்.

அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'சுற்றுநிருபம்'. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருகிற ஒவ்வொரு சுற்றுநிருபத்தையும் ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுவேன் என்பதால் வந்தது. கூப்பிடுவது என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டார்கள். விழும். உள்ளுக்குள் எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

விதிகளில் எனக்கு இருந்த பற்றுக்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து நீர்ப்பாசனக் காணிக்காக வன்னிக்கு வந்தவர். காணி கிடைத்தது, நெல்லும் விளைந்தது, ஆனால் சண்டை ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்க விட்டதா? நான் படித்த காலத்தில் எங்கள் பாடசாலை எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து திரிந்தது.

ஒருமுறை பாலை மரங்களுக்குக் கீழே வகுப்பு நடந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, வேலி இல்லை. அப்போதிருந்த அதிபர் ஒரு தடியால் மண்ணில் நீளமாகக் கோடு கீறி, இதுதான் வாசல், மணி அடித்த பிறகு ஒருவரும் இதைத் தாண்டக்கூடாது என்றார். மணி என்பது தண்டவாளத் துண்டு.

நான் ஒருநாள் பிந்தி வந்து அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றேன். என்னோடு இன்னும் சில பிள்ளைகள். நாலு பக்கமும் வெளிதான். கொஞ்சம் சுற்றிப்போனால் நேரே வகுப்புக்குள் நுழைந்துவிடலாம். ஒருவரும் போகவில்லை. கோடு இருந்த இடத்தில் நின்று, அதிபர் வந்து பேசி முடித்த பிறகு, கோட்டைத் தாண்டித்தான் உள்ளே போனோம்.

அந்தக் கோடு இருந்தபடியால்தான் அது பாடசாலையாக இருந்தது. இல்லாவிட்டால் வெறும் மரத்தடி. இப்போதும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஓட்டோக்காரத் தகப்பன்

எங்கள் பாடசாலையின் மாணவர் ஒழுக்க விதிகள் ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும். தலைமயிர், நகம், சப்பாத்து, கைத்தொலைபேசி, பிந்தி வருதல், எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் போய் முடிகிற இடம் ஒன்றுதான். தொடர்ந்து மீறினால் பெற்றோர் நேரில் வர வேண்டும்.

அதற்குக் கீழே 'தாய் அல்லது தந்தை மட்டும்' என்று ஒரு வரி பின்னால் சேர்ந்தது. அந்த வரி வந்ததற்குச் சந்தியில் ஓட்டோ விடுகிற ஓர் அண்ணைதான் காரணம்.

ஒன்பதாம் தரத்துப் பெடியன் ஒருவனின் தகப்பனாக அவர் முதலில் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு எங்களைவிடக் கூடுதலாக அவனைப் பேசினார். குடும்ப மானத்தைப்பற்றி அவர் பேசியதைக் கேட்டு என் கண் கலங்கியது. அடுத்த மாதம் அதே மனிதர் வேறொருவனுக்குத் தகப்பனாக வந்து அதே பேச்சைப் பேசினார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அதிபர் கேட்டார். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் என் பிள்ளைகள்தானே என்றார் அண்ணை, கொஞ்சமும் கூசாமல்.

இப்படித்தான் அந்த வரி வந்தது. ஆனால் வன்னியில் அப்படியொரு வரியை வைத்துக்கொண்டு பாடசாலை நடத்த முடியுமா? தகப்பன் இல்லாத வீடுகள், தாய் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள், இரண்டு பேரும் இல்லாமல் அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைகள். சித்தி வந்தாலும் மாமா வந்தாலும் ஆளைத் தெரிந்திருந்தால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம். வரி கடதாசியில் இருந்தது, நாங்கள் எங்கள் பாட்டில் இருந்தோம்.

சித்தி வந்தா போதாது

தர்சிகாவின் சித்தி அன்று இடைவேளைக்கு வந்தார். தாயின் தங்கை. கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கையோடு வேலியைக் கடந்து வந்திருந்தார், விரல் இடுக்குகளில் மண் காயாமல் இருந்தது. தாய் இங்கே இல்லை, நான்தான் வளர்க்கிறேன், கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றார்.

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"சித்தி வைக்கேலாது ரீச்சர்," என்றாள் தர்சிகா. "தாய் அல்லது தந்தை மட்டும் எண்டு இருக்கு. அப்பா இல்லை. அப்ப அம்மாதான் வரவேணும்."

சிரிப்பதா ஏசுவதா என்று எனக்குத் தெரியவில்லை. விதியை மீறிய பிள்ளை விதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சுற்றுநிருபம் விதியை மீறப் பேனாவை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுச் சித்தியைக் கதிரையில் இருக்கச் சொன்னேன்.

சித்தி மெதுவாகச் சொன்னார். தகப்பன் கடைசிச் சண்டையில் போய்விட்டார், தர்சிகா அப்போது கைக்குழந்தை. பிள்ளை ஆறாம் தரம் படிக்கும்போது தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்தது, வரவில்லை, நீட்டினார். பிள்ளை பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியவீட்டுக்கு வருவதாகச் சொல்லி, கடைசியில் போனில்தான் பார்த்தார். இப்போது திரும்பவும் நீட்டியிருக்கிறார். வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்கிறாராம்.

"பள்ளிக்கூடம் கூப்பிட்டா அந்த வீட்டுக்காரர் அம்மாவை விட்டுத்தான் ஆகவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாள் ரீச்சர். அதுக்குத்தான் இவ்வளவும் செய்யிறாள். பிழை என்னிலதான். நான் சொன்ன கதையாலதான் இது."

கம்பிக்கு அந்தப்பக்கம்

சித்தி சொன்ன கதையை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் எடுக்கவில்லை. நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன்.

சண்டை முடிந்து எங்கள் எல்லோரையும் செட்டிகுளத்துப் பக்கம் முகாமில் கொண்டுபோய் வைத்திருந்த காலம். வெள்ளைக் கூடாரங்கள், செம்மண் புழுதி, தண்ணீருக்கு வரிசை. முகாமையே துண்டு துண்டாகக் கம்பியால் பிரித்திருந்தார்கள். ஒரு துண்டில் இருப்பவர் மற்றத் துண்டுக்குப் போக முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு சகோதரமும் அந்தப் பக்கம் ஒரு சகோதரமும் நின்று கையால் கதைப்பார்கள்.

அதற்குள்ளும் பாடசாலை நடத்தினோம். தறப்பாள் கூரைக்குக் கீழே, வெக்கையில். பிள்ளைகளுக்குச் செருப்பில்லை, கொப்பி இல்லை. நான் காலையில் வரிசையாக நிறுத்தி நகம் பார்த்தேன். சிலர் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

சித்தி அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. தனியே ஒரு கூடாரத்தில், ஊர்க்காரர்களோடு இருந்தார். அக்கா, கைக்குழந்தையோடு கம்பிக்கு அந்தப்பக்கம். பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாதுகாவலர் யாருமில்லை, அக்காவை இந்தப்பக்கம் அனுப்பித் தரவேண்டும் என்று அவர் படித்த முகாம் பாடசாலையிலிருந்து முகாம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். யாரும் பெரிதாக நம்பவில்லை. ஆனால் ஒருநாள் பின்னேரம், ஒரு கையில் தண்ணீர்க் கேத்திலும் இடுப்பில் பிள்ளையுமாக அக்கா கம்பியைக் கடந்து வந்தார்.

இடுப்பில் இருந்த பிள்ளை தர்சிகா. அம்மா எப்படி வந்தார் என்ற அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள்.

அப்போதெல்லாம் ஒரு துண்டுக் கடதாசிதான் எங்கள் தலைவிதி. ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்று, வெளியே போக ஒன்று, பிள்ளையைத் தேடிப்போக ஒன்று. பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்போம். முத்திரை குத்திய கடதாசி ஒன்று இருந்தால் காவலுக்கு நிற்பவன் கதவைத் திறப்பான் என்பதைப் பெரியவர்களான நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம், எங்களுக்கு அது நடந்தும் இருக்கிறது. இந்தப் பிள்ளை முட்டாள் இல்லை. வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இப்படியொரு நினைப்பே வந்திருக்காது.

"அது அப்பத்தைய காலம், இது அரபி வீடு எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்," என்றார் சித்தி. "கடிதம் எண்டா கடிதந்தானே எண்டுறாள்."

தேவாரத்துக்கு நடுவில்

சின்னச் சின்னப் பிழைகளை நாங்கள் கண்டும் காணாமல் விடத் தொடங்கினோம். ஒற்றைப் பின்னலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிந்தி வந்தால் கதவைத் திறந்து விட்டேன். அவளுடைய முகம் வாடிப்போகும். இரக்கப்படுகிறோம் என்று நாங்கள் நினைத்தோம், அவளுக்கு அது வழியை அடைப்பதாக இருந்தது.

கடைசியில் பெரிய பிழை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஒரு திங்கட்கிழமை, முழுப் பாடசாலையும் கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறது. முன் வரிசையிலிருந்து கைத்தொலைபேசி அலறியது. ஏதோ சினிமாப் பாட்டு. சித்தியின் போன். சினேகிதியின் வீட்டிலிருந்து நேரம் சொல்லி அழைக்கச் செய்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

அவள் அதை அணைக்கவில்லை. சட்டைப் பைக்குள் பாடவிட்டுவிட்டு, கைகூப்பியபடி நின்றாள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தேவாரம் பாதியில் நின்றது.

இதை எந்த அதிபராலும் கண்டும் காணாமல் விட முடியாது. எல்லோர் முன்னாலும் நடந்துவிட்டது. விதிப்படி, பெற்றோர் நேரில் வரும்வரை வகுப்புக்கு வரக்கூடாது என்று அதிபர் சொன்னார். அதைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் பார்த்தேன்.

பஸ் வரும் நேரம்

அடுத்த நாளிலிருந்து அவள் சித்தி வீட்டு வேலியோரம் கதிரை போட்டு இருந்தாள். பாடசாலைக்கு வரவில்லை, ஆனால் சீருடை போட்டிருந்தாள். இரட்டைப் பின்னல், இரண்டு பக்கமும் வெள்ளை ரிபன். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வருகிற அம்மாவின் கண்ணுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தாள்போல.

என் வகுப்பு யன்னலால் பார்த்தால் அந்த வேலியும் சந்தியும் தெரியும். கிளிநொச்சி பஸ் வந்து நிற்கும்போது எழுந்து நிற்பாள். மீன்பெட்டியோடு ஒருவர் இறங்குவார். கிளினிக்குக்குப் போய்வந்த பிள்ளைத்தாய்ச்சி இறங்குவார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் அவள் திரும்பவும் இருப்பாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை மறந்துபோய் நின்ற நாட்களும் உண்டு.

அடுத்த வருடம் பரீட்சை. ஒவ்வொரு நாளும் பாடம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு வேலிக்குப் போனேன். கொப்பியைக் கொடுத்து, விட்ட பாடங்களை எழுதச் சொன்னேன்.

"கடிதம் அனுப்பிட்டியளோ ரீச்சர்?" என்று கேட்டாள். "அங்க போய்ச் சேர நாள் எடுக்கும், என்ன?"

அதிபரிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல? கடிதம் ஒன்றுமே எழுதப்படவில்லை. எழுதினாலும் யாருடைய விலாசத்துக்கு?

குசினிச் சுவர்

எங்கள் அதிபர் நல்ல மனிதர். அதைச் சொல்லியே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து விடியவே புறப்பட்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர். பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. தர்சிகாவின் படிப்பு வீணாவது அவருக்கும் தாங்கவில்லை. ஒழுக்காற்றுக் குழுவைக் கூட்டினார்.

அவர்தான் அந்த வழியைச் சொன்னார். தாய் போனில் முகம் காட்டிக் கதைக்கட்டும், அதை நேரில் வந்ததாக எடுத்துக்கொள்வோம். இனி வெளிநாட்டில் இருக்கிற எல்லாப் பெற்றோருக்கும் இதுவே ஒழுங்காக இருக்கட்டும். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். பிள்ளை வகுப்புக்குத் திரும்ப அதைவிட வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, அதிபரின் அறை. சித்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தர்சிகா யன்னலோரம் நின்றாள். அம்மா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னார்களோ, அல்லது அவளாகவே நினைத்துக்கொண்டாளோ தெரியாது, அறைக்குள் வரும்போது ஓடித்தான் வந்தாள். உள்ளே எங்களை மட்டும் கண்டபோது அப்படியே நின்றுவிட்டாள்.

திரையில் தாயின் முகம் தெரிந்தது. தலையை மூடிய சால்வை, பின்னால் வெள்ளை ஓடு பதித்த குசினிச் சுவர், கழுவாத சட்டிகள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். வீட்டுக்காரர் நித்திரையாம். அதிபர் நடந்ததைச் சொன்னார், பிள்ளை கெட்டிக்காரி என்றும் சேர்த்துச் சொன்னார். தாய் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்சால முகத்தைக் காட்டு ராசாத்தி."

தர்சிகா திரும்பவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். சித்தி போனை அவள் பக்கம் கொண்டுபோனார். அவள் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில், அந்த வீட்டுக்குள் எங்கோ தாயைக் கூப்பிடும் மணி அடித்தது. திரையில் கூரை தெரிந்தது, பிறகு ஒரு கை, பிறகு ஒன்றும் இல்லை.

"சரி, அம்மா வந்திட்டா," என்றார் அதிபர், அன்பாகத்தான். "இனி வகுப்புக்குப் போ பிள்ளை."

"அம்மா வரேல்ல சேர்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதிபர் மேசையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார்.

விறாந்தையில் அவளோடு நானும் நடந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் நின்றாள்.

"நீங்கள் கடிதம் எழுதினாலும் விடமாட்டினமோ ரீச்சர்?"

"விடமாட்டினம்."

"அப்ப அம்மாவை வரச்சொல்ல ஒருத்தருமில்லையோ?"

இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லி என்ன பிரயோசனம்? அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் தண்ணீர்க் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக் கழுவி அழுதேன்.

ஒழுங்கான பிள்ளை

அதற்குப் பிறகு தர்சிகா ஒரு விதியையும் மீறவில்லை.

மணி அடிக்க முதல் வந்தாள். ரிபன் பிசகவில்லை. சப்பாத்துக்கு வெள்ளை பூசியிருந்தது. வீட்டுப்பாடம் முழுவதும் செய்தாள், கேட்டால் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் பேசாமல் இருந்தாள். அடுத்த வருடம் மாணவத் தலைவி ஆக்கினார்கள். சட்டையில் பட்டி குத்தியபோது எல்லோரும் கைதட்டினோம். அவள் குனிந்து நன்றி சொன்னாள், பெரிய மனிசியைப்போல.

ஆசிரியர் அறையில் இது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. அதிபர் வலயக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், வேறு பாடசாலைகளும் போனில் கூப்பிடும் முறையைக் கேட்டு எடுத்துக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பேச்சு வருகிற நேரங்களில் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிடுவேன். எனக்குத் தெரியும், அவள் திருந்தவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாளாவது ஒற்றைப் பின்னலோடு வரமாட்டாளா என்று நான் பார்த்ததுண்டு. ஒழுக்காற்று ஆசிரியை ஒருத்தி நினைக்கக்கூடாத நினைப்பு. அவள் வரவில்லை. நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரம் படிக்க வவுனியாவுக்குப் போய் விடுதியில் சேர்ந்தாள்.

ரொபிப் பெட்டி

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பகல், அலுவலகத்தில் யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். கண்ணைச் சுற்றிக் கறுத்து, கைத்தோல் வெந்து உரிந்த ஒரு பெண் எழுந்து நின்றார். எங்கேயோ பார்த்த முகம். சால்வை இல்லாதபடியால் பிடிபடவில்லை.

தர்சிகாவின் தாய். வந்து இரண்டு கிழமை, இனிப் போவதில்லை என்றார். இனிப்பு நிறைந்த ஒரு பெரிய ரொபிப் பெட்டியை என் கையில் வைத்து, எல்லா ரீச்சர்மாருக்கும் என்றார். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்றாம். மகள் வந்து பார்த்தாளா என்று கேட்டேன்.

"வந்தவள், ஒருநாள் நிண்டவள். சனி ஞாயிறிலயும் வகுப்பாம் ரீச்சர். போனில நல்லாக் கதைக்கிறாள்."

கதிரையில் நுனியில் இருந்தார். என்னிடம் ஒன்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று விளங்கியது. கையைப் பிசைந்துகொண்டு கடைசியில் கேட்டார். அன்றைக்குப் போனில் கூப்பிட்ட பிறகு தனக்கு ஒருநாளும் ஒழுங்கான நித்திரை இல்லையாம். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை, கெட்டுப்போகிறாளோ என்ற பயமாம். விட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமோ என்று பாத்திரம் கழுவுகிற ஒவ்வொரு நேரமும் யோசித்தாராம். அதற்குப் பிறகு அவள் ஏதாவது பிழை செய்தாளா?

"இல்லை," என்றேன். "அதுக்குப் பிறகு ஒரு பிழையும் செய்யேல்ல. அவளைப்போல ஒழுங்கான பிள்ளை எங்களிட்ட இருக்கேல்ல."

அந்த முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப நான் வந்திருக்கத் தேவையில்லை, என்ன ரீச்சர்?"

சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. அந்த வேலியைப்பற்றி, அந்தக் கதிரையைப்பற்றி, பஸ்ஸைக் கண்டு எழுந்து நின்ற பிள்ளையைப்பற்றி. ஆனால் அத்தனை வருடங்களுக்கும் அவருக்குக் கிடைத்த ஆறுதல் இது ஒன்றுதான். ஓம், தேவையில்லை என்று சொன்னேன்.